120-ஆம் நாள் காலையும் சிஏஎல் கணக்கும்

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் இருக்கும். கணக்குப் பிரிவு மேடம் போனில் கூப்பிட்டார். "சார், ரிமோட்டுக்குள்ள போகவே மாட்டேங்குது. லைசென்ஸ் சர்வர் இல்லைன்னு என்னமோ வருது. இன்னைக்குச் சம்பளப் பட்டியல் போட்டாகணும்."

போய்ப் பார்த்தேன். ரிமோட் என்று அவர் சொன்னது ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது தங்கள் கணினியிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து அங்கே வேலை செய்யும் வழியை. லைசென்ஸ் கொடுக்க ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை, அதனால் இணைப்பைத் துண்டிக்கிறோம் என்று ஒரு சின்னப் பெட்டி. பக்கத்து மேசையிலும் அதேதான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார்கள். ஒன்பதரைக்குள் 14 பேர். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கில் குறையில்லை. பாஸ்வேர்டும் சரி. ஆனால் ஒருவரையும் உள்ளே விடவில்லை.

நான் மட்டும் நுழைய முடிந்தது. ரிமோட் டெஸ்க்டாப் கட்டளையின் பின்னால் அட்மின் சுவிட்சைச் சேர்த்தால், நிர்வாக வேலைக்காக ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரை போகலாம். அதற்குத் தனி லைசென்ஸ் கேட்காது. உள்ளே போய், லைசென்ஸ் குறைகளைக் காட்டும் லைசென்சிங் டயக்னோசரைத் திறந்தேன். சலுகைக் காலம் முடிந்துவிட்டது, லைசென்ஸ் சர்வர் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று இருந்தது. எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸை நிறுவிவிட்டுப் போய் அன்றோடு 120 நாள் முடிந்திருந்தது. 120 நாள்தான் அதன் சலுகைக் காலம். அதுவரை லைசென்ஸ் சர்வரே இல்லாவிட்டாலும் எல்லோரையும் விடும். அதற்கப்புறம் கதவைச் சாத்திவிடும்.

அன்றைக்கு நால்வரை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, அவர்கள் கணினியிலேயே கணக்கு மென்பொருளை நிறுவிச் சம்பளப் பட்டியலை முடித்தோம். மற்ற பத்துப் பேருக்கும் இரண்டு நாள் வேலை போனது. அந்த இரண்டு நாளும் நான் சர்வர் வாங்கிய பழைய பில்களையும் ஒப்பந்தத் தாள்களையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பெரிய விஷயம் தெரிந்தது. ரிமோட் லைசென்ஸ் மட்டுமல்ல, அடிப்படை சிஏஎல் ஒன்றுகூட வாங்கப்படவில்லை. சர்வர் விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

சிஏஎல் என்பதைப் பலர் ஒரே சொல்லாகக் 'கால்' என்பார்கள். எழுத்தில் அது குழப்பும் என்பதால் சிஏஎல் என்றே எழுதுகிறேன். கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ். பெயரில் லைசென்ஸ் இருப்பதால், இது எங்கேயோ நிறுவ வேண்டிய ஒரு மென்பொருள், அல்லது தட்டச்சு செய்ய வேண்டிய ஒரு கீ என்று நினைக்கிறோம். அடிப்படை விண்டோஸ் சர்வர் சிஏஎல் அப்படி எதுவும் இல்லை. அது சர்வரைப் பயன்படுத்துவதற்கான ஓர் உரிமை. தாளில் இருக்கும். சர்வர் அதை எண்ணாது, கேட்காது, குறைந்தால் தடுக்காது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் அது இல்லாமலே அலுவலகங்கள் ஓடுகின்றன. தணிக்கை என்று ஒரு கடிதம் வரும் நாளில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள்.

எங்கள் மேலாளருக்கு நான் சொன்னது நூலகக் கணக்கு. கட்டடத்துக்கு ஒரு செலவு, அது சர்வர் லைசென்ஸ். உள்ளே வந்து புத்தகம் எடுப்பவருக்கு உறுப்பினர் அட்டை வேண்டும், அது சிஏஎல். அட்டை வாங்கியவர் எல்லாக் கிளைக்கும் போகலாம். அதாவது அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் இருந்தாலும் ஆறு இருந்தாலும், ஒருவருக்கு ஒரு யூசர் சிஏஎல் போதும். அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ நாம கட்டடம் மட்டும் வாங்கியிருக்கோம்" என்றார்.

கட்டடத்தின் கணக்கு எளிது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் சர்வர் 2016 முதல் பிராசசரை எண்ணுவதில்லை, அதனுள் இருக்கும் கோர்களை, அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளை எண்ணுகிறார்கள். ஒரு பிராசசருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். எங்களுடையது 16 கோர் கொண்ட ஒரே பிராசசர், ஸ்டாண்டர்டு பதிப்பு. கோர் அனைத்துக்கும் லைசென்ஸ் போட்டாயிற்று என்றால் அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனி சர்வர்போல ஓடுபவை, ஓட்டலாம். நான்கு வேண்டுமென்றால் அதே 16 கோருக்கு இன்னொரு முறை வாங்க வேண்டும். நிறைய ஓட்டுபவர்களுக்கு டேட்டாசென்டர் பதிப்பு, அதில் வரம்பில்லை. இந்தக் கணக்கை விற்பவர்கள் தெளிவாகவே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் பெட்டியைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். சிஏஎல் கணக்கு அப்படியில்லை. அதற்கு உங்கள் இடத்தில் யார், எதைக் கொண்டு, எந்த வழியாக சர்வரைத் தொடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். விற்பவருக்கு அது தெரியாது. நீங்கள்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

நடந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, மாடியில் தொடங்கி.

சிஏஎல்லில் இரண்டு வகை. யூசர் சிஏஎல் ஓர் ஆளுக்கு. அவர் மேசைக் கணினி, லேப்டாப், போன் என்று எத்தனை கருவியிலிருந்து வந்தாலும் ஒன்று போதும். டிவைஸ் சிஏஎல் ஒரு கருவிக்கு. அந்தக் கருவியில் எத்தனை பேர் மாறி மாறி உட்கார்ந்தாலும் ஒன்று போதும். ஒரே அலுவலகத்தில் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாடியில் அலுவலகம். 22 பேர். நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: மேசைக் கணினி 22, லேப்டாப் 17, அலுவலக மின்னஞ்சலும் கோப்புகளும் பார்க்கும் போன் 11. கருவிக் கணக்கில் 50. ஆள் கணக்கில் 22. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, யூசர் சிஏஎல்தான்.

கீழே உற்பத்திக் கூடம். அங்கே மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு 14 பேர், ஆக 42 பேர். ஆனால் இருப்பது 9 கணினி, கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் பார்கோடு கருவி 6. பார்கோடு கருவியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது கணினி போலத் தெரியாததால். எங்களுடையது சர்வரில் ஓடும் சரக்குக் கணக்குக்குள் நுழைந்துதான் வேலை செய்கிறது. அதுவும் ஒரு கருவியே. 9-உம் 6-உம் 15. ஆள் கணக்கில் போனால் 42. ஷிப்ட் முடிந்து ஒருவர் எழுந்து போக, அடுத்தவர் அதே நாற்காலியில் உட்காருகிற இடத்துக்கென்றே டிவைஸ் சிஏஎல் இருக்கிறது என்று அன்றைக்கு நேரில் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

எல்லோருக்கும் யூசர் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால் 64. எல்லாமே டிவைஸ் என்றால் 65. கலந்து வாங்கினால் 37. எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு மேலே வரப்போனேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு தம்பி போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். "என்ன தம்பி?" என்றேன். "லீவு போடறேன்ணா" என்றான்.

லீவு விண்ணப்பப் பக்கம் அதே சர்வரில்தான் இருக்கிறது. ஆளாளுக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அவன் கையில் இருந்தது அவனுடைய சொந்த போன். கூடத்துக் கணினிக்கு டிவைஸ் சிஏஎல் இருந்து என்ன பயன்? அந்தப் போனுக்கு இல்லை, அவனுக்கும் இல்லை. 42 பேரும் அப்படித்தான் லீவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்காக 37 என்ற கணக்கு மொத்தமும் குலைந்துபோகும்.

இரண்டு வழி இருந்தது. 42 பேருக்கும் யூசர் சிஏஎல் வாங்குவது, அல்லது லீவு போடும் வழியை மாற்றுவது. கூடத்து வாசலில் இரண்டு கணினி வைத்து, லீவை அங்கேயே போடலாம் என்று ஏற்பாடு செய்தோம். 15 என்பது 17 ஆயிற்று. மொத்தம் 39. போனிலிருந்து போடுவது அவர்களுக்கு வசதியாக இருந்தது என்பது உண்மை. அந்த வசதி போனதில் எனக்கு வருத்தம்தான். பணியாட்களைக் கூப்பிட்டுக் காரணத்தை விளக்கிச் சொன்னேன். வீட்டிலிருந்து லீவு சொல்ல வேண்டியவர்கள் ஷிப்ட் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தால், அவர் அந்தக் கணினியில் பதிந்துவிடுவார்.

அப்புறம் பிரிண்டரும் கேமராவும். இதைச் சொன்னால் பலர் நம்பவே மாட்டார்கள். நெட்வொர்க்கில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் சேவைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு கருவி விண்டோஸ் சர்வரின் டிஎச்சிபியிலிருந்து ஐபி முகவரி வாங்கினாலே அது சர்வரின் சேவையைப் பயன்படுத்துவதுதான், அதற்கும் சிஏஎல் கணக்கு உண்டு. மாடியில் இருக்கும் பிரிண்டரைப் பற்றிக் கவலையில்லை, அதைப் பயன்படுத்தும் 22 பேருக்கும் யூசர் சிஏஎல் இருக்கிறது, அவர்களோடு அது அடங்கிவிடும். கூடத்தில் ஒரு பிரிண்டரும் 8 கேமராவும் இருந்தன. அவை சர்வரிடம் முகவரி மட்டும்தான் கேட்டன, வேறு எதுவும் இல்லை. அந்தப் பகுதியின் டிஎச்சிபியை ரவுட்டருக்கு மாற்றிவிட்டேன். அரை மணி நேர வேலை. 9 கருவி கணக்கிலிருந்தே போய்விட்டது.

எங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தவரோடு நடந்த பேச்சையும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், திறமைசாலி. "சார், எல்லோரும் வெப் அப்ளிகேஷன் வழியாத்தான் வர்றாங்க. டேட்டாபேசுக்கு ஒரே ஒரு லாகின்தான் போகுது. அப்போ ஒரு சிஏஎல் போதுமே" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இதற்கென்றே மல்டிபிளெக்சிங் என்று ஒரு பகுதி இருக்கிறது. நடுவில் எந்த மென்பொருளை வைத்து எத்தனை பேரை ஒரே குழாயில் திரட்டினாலும், குழாயின் இந்தப் பக்கம் நிற்கும் ஆட்களையும் கருவிகளையும்தான் எண்ண வேண்டும். குழாயை எண்ணக் கூடாது. அவருக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். அமைதியாகப் படித்துவிட்டு, "இதுவரைக்கும் நான் போட்டுக் கொடுத்த இடத்துக்கெல்லாம் சொல்லணும் சார்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர் மேல் மரியாதை கூடியது.

டேட்டாபேஸ் என்ற பேச்சு வந்ததால் இதுவும்: விண்டோஸ் சர்வர் சிஏஎல் வேறு, எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கான சிஏஎல் வேறு. ஒன்று இருந்தால் மற்றது வந்துவிடாது. எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டு பதிப்பை இரண்டு விதமாக வாங்கலாம். சர்வர் லைசென்ஸோடு ஆளுக்கோ கருவிக்கோ சிஏஎல் சேர்ப்பது ஒரு விதம். கோர் கணக்கில் வாங்குவது மற்றது, குறைந்தது 4 கோர். கோர் கணக்கில் வாங்கினால் எஸ்கியூஎல்லுக்குத் தனியாக சிஏஎல் வேண்டாம், ஆனால் அது ஓடும் விண்டோஸ் சர்வருக்கு வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை யாரிடமாவது சொல்லும்போது நான் இரண்டு முறை சொல்வேன்.

வெளியாட்கள், அதாவது நம் பணியாளரோ நம் இடத்தில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரரோ அல்லாத வாடிக்கையாளர்கள், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வருவதாக இருந்தால், ஒவ்வொருவருக்கும் சிஏஎல் வாங்கத் தேவையில்லை. எக்ஸ்டர்னல் கனெக்டர் என்று அந்த சர்வருக்கே ஒரு லைசென்ஸ் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மிகச் சிறிய அலுவலகமாக இருந்தால் எசென்ஷியல்ஸ் பதிப்பைப் பாருங்கள், 25 பேர், 50 கருவி வரை அதற்கு சிஏஎல்லே வேண்டாம். முதலில் 10 பேராக இருந்தபோது எங்கள் ஆட்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, ரிமோட்டுக்கு வருகிறேன். ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸுக்கான சிஏஎல்லை ஆர்டிஎஸ் சிஏஎல் என்பார்கள். அது அடிப்படை சிஏஎல்லுக்குப் பதிலாக அல்ல, அதன் மேலே. அந்த 14 பேருக்கும் யூசர் சிஏஎல் ஒன்று, ஆர்டிஎஸ் சிஏஎல் ஒன்று என்று இரண்டும் வேண்டும். இதைத்தான் சர்வர் எண்ணும். அதற்கென்று லைசென்ஸ் சர்வர் பாகத்தை நிறுவி, அதை மைக்ரோசாஃப்டிடம் ஆக்டிவேட் செய்து, வாங்கிய சிஏஎல்களை அதில் ஏற்ற வேண்டும். இத்தோடு முடிந்தது என்று நினைத்துப் பலர் எழுந்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. ஆட்கள் வந்து நுழையும் சர்வருக்கு, லைசென்ஸ் சர்வர் எது, கணக்கு ஆளுக்கா கருவிக்கா என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். சர்வரின் அமைப்புகளை ஓரிடத்தில் வைக்கும் குரூப் பாலிசியில் இரண்டு வரி. அதைச் சொல்லாவிட்டால் பெட்டி நிறைய லைசென்ஸ் இருந்தும் 120-ஆம் நாள் கதவு சாத்தப்படும். வாங்கி வைத்தும் மாட்டிக்கொண்ட ஓர் அலுவலகத்துக்கு நானே போய் அந்த இரண்டு வரியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆளுக்கா கருவிக்கா என்பதில் ஆர்டிஎஸ்ஸுக்கு இன்னொரு கோணம் உண்டு. ஆள் கணக்கு வேண்டுமென்றால் ஆக்டிவ் டைரக்டரி, அதாவது அலுவலகத்து ஆட்களின் பெயர், பாஸ்வேர்டுகளை ஓரிடத்தில் வைத்திருக்கும் பட்டியல், இருக்க வேண்டும். அப்படிப் பொதுப் பட்டியல் இல்லாமல் வெறும் வொர்க்குரூப்பில் வைத்திருப்பவர்கள் கருவிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். தவறாக ஆள் கணக்கை வாங்கி 2019 அல்லது அதற்குப் பிந்தைய சர்வரில் போட்டால், 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கை வரும், வந்தபடியே துண்டிக்கும். கருவிக் கணக்கில் முதல்முறை நுழையும் கருவிக்குத் தற்காலிக லைசென்ஸ், மறுமுறை நுழையும்போதுதான் நிரந்தரமானது. நிரந்தரம் என்றாலும் அது 52-லிருந்து 89 நாளுக்குள் காலாவதியாகும், கருவி புழக்கத்தில் இருந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு கணினியை அழித்து மறுபடி விண்டோஸ் போட்டால் அது புதுக் கருவியாக வந்து இன்னொரு லைசென்ஸை எடுத்துக்கொள்ளும். பழையது திரும்ப அந்த நாள்கள் ஆகும். அதனால் ஒரே வாரத்தில் பத்துக் கணினியை அழித்துப் போடுவதற்கு முன் யோசியுங்கள். ஆள் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாங்கியதைவிட அதிகம் பேர் வந்தாலும் அது தடுக்காது. தடுக்கவில்லை என்பதற்காக அனுமதி என்று பொருளில்லை. மாதம் ஒருமுறை லைசென்சிங் மேனேஜரில் அறிக்கை எடுத்து நான் எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை நெருக்கடியில் இணையத்தில் தேடியபோது முதலில் கிடைத்த அறிவுரை, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சலுகைக் காலத்தைக் குறிக்கும் ஒரு கீயை அழித்துவிடு, இன்னொரு 120 நாள் கிடைக்கும் என்பது. ஒரு நிமிட வேலை. 14 பேரும் உடனே உள்ளே வந்திருப்பார்கள். நான் செய்யவில்லை. அது காசு கொடுக்காமல் எடுப்பது. தவிர, அடுத்த 120-ஆம் நாள் என் இடத்தில் வேறு யாராவது இருந்தால், எனக்கு நடந்ததே அவருக்கும் நடக்கும்.

வாங்கும்போதும் ஒரு சிக்கல். வந்த விலைப்பட்டியலில் எங்கள் 2022 சர்வருக்கு 2019 சிஏஎல் போட்டிருந்தார்கள். கொஞ்சம் குறைவான தொகை, பார்த்தால் நல்லதாகத் தெரியும். சிஏஎல் தன் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய சர்வர்களுக்கும் செல்லும், பிந்தையதற்குச் செல்லாது. 2022 சிஏஎல் கொண்டு 2019, 2016 சர்வர்களைத் தொடலாம். 2019 சிஏஎல் கொண்டு 2022-ஐத் தொட முடியாது. ஆர்டிஎஸ் சிஏஎல்லுக்கும் இதே விதி. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினேன். இதே காரணத்தால், சர்வரை 2025 பதிப்புக்கு உயர்த்தும் நாளில், புதிய பதிப்புக்கும் உரிமை தரும் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் இல்லாதவர்கள் சிஏஎல்களையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். உயர்த்துவதற்கான செலவில் பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய யூசர் சிஏஎல்லை அவர் இடத்துக்கு வருபவருக்குக் கொடுக்கலாம். ஆனால் நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, ஒருமுறை மாற்றினால் 90 நாள் பொறுக்க வேண்டும். நீண்ட விடுப்பில் போனவருக்குப் பதிலாக வரும் தற்காலிக ஆளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இப்போது அந்த நோட்டு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஒப்பந்தத் தாள்கள் வைத்த பச்சை ஃபைலோடு இருக்கிறது. யாராவது புதிதாகச் சேர்ந்தால் மனிதவளப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு வரி வரும், கணக்குப் பிரிவு மேடமே கேட்டு ஏற்பாடு செய்த பழக்கம் அது. போன வாரம் கூடத்துக்கு இன்னொரு பார்கோடு கருவி வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் லீவு போட்ட அதே தம்பி மேலே வந்து, "அண்ணா, இதுக்கும் நோட்டுல எழுதணுமா?" என்று கேட்டான். 17-ஐ அடித்து 18 என்று எழுதினேன்.